ஓர் ஆண்டைக் கணக்குப் பார்த்தல்

திருகோணமலை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் வயது முதிர்ந்த ஒருவரிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் இலக்கம் வராது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் நான் கைப்பிள்ளை" என்பார் ஒருவர். அது 1942 ஏப்ரல் 9. "பெரும் புயலுக்கு அடுத்த வருஷம் எனக்குக் கலியாணம்" என்பார் இன்னொருவர். அது 1964 டிசம்பரில் அடித்த புயல். பின்வந்த தலைமுறைகளுக்கு 1990ஆம் ஆண்டின் வன்செயல், 2004ஆம் ஆண்டின் சுனாமி, 2006ஆம் ஆண்டின் மூதூர் இடம்பெயர்வு என்று அடையாளங்கள் மாறின. வழக்கம் மாறவில்லை. பிறப்பு, சுன்னத்து, நிக்காஹ், மௌத்து ஆகிய எல்லாமே ஊருக்கு நேர்ந்த ஏதோ ஓர் அனர்த்தத்தோடு முடிச்சிடப்பட்டே நினைவில் நிற்கின்றன.

எழுத்தறிவு குறைந்த காலத்தின் ஞாபக உபாயம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு நேர்மையும் இருந்தது. எங்கள் வீட்டு ஆண்டு வேறு, ஊரின் ஆண்டு வேறு என்று அந்த மனிதர்கள் பிரித்து வைக்கவில்லை. தன் கலியாணத்தைச் சொல்லும்போதே புயலில் போனவர்களையும் ஒரு சொல்லால் கூடவே சொன்னார்கள். நாமோ பிரித்து வைக்கக் கற்றுக்கொண்டோம். டிசம்பர் முடிவில் பத்திரிகைகள் நாட்டின் ஆண்டை மீட்டிப் பார்க்கின்றன. நாம் வீட்டின் ஆண்டை மீட்டிப் பார்க்கிறோம். மகளுக்கு எப்போது முடிந்தது, மகன் எந்தப் பரீட்சையில் தேறினான், வீட்டுக்குக் கூரை எப்போது போட்டோம் என்று எண்ணி, "நல்ல வருஷம்" என்றோ "கஷ்டமான வருஷம்" என்றோ ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பை எழுதும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. நம் வீட்டுக்கு நல்லதாக அமைந்த ஓர் ஆண்டு அயல் வீட்டுக்குப் பேரிழப்பாக அமைந்திருந்தால், அவ்வாண்டை நாம் எவ்வாறு நினைவு கூர்வது? எவ்வாறு நன்றி செலுத்துவது?

ஆண்டுக் கணக்கு என்பது நமக்கு ஆரம்பத்திலிருந்தே வெறும் எண்ணிக்கையாக இருந்ததில்லை. கலீஃபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது என்று ஆலோசிக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்களின் பிறப்போ மறைவோ தொடக்கமாகக் கொள்ளப்படவில்லை. மக்காவைவிட்டு மதீனாவுக்குச் சென்ற பயணமே, அதாவது ஓர் இடம்பெயர்வே, முதலாம் ஆண்டாயிற்று. இடம்பெயர்ந்தவனின் துயரத்தை விலக்கிவைத்துவிட்டு முஹர்ரம் மாதத்தில் கணக்குப் பார்க்க முடியாது என்பதை அந்தத் தெரிவே நமக்கு உணர்த்தவேண்டும்.

வினாவைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. 2009ஐ எடுத்துக்கொள்கிறேன். ஹிஜ்ரி 1430ஆம் ஆண்டு 2008 டிசம்பரின் இறுதி நாட்களில் தொடங்கி 2009 டிசம்பர் நடுப்பகுதியில் முடிந்தது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைந்ததாகையால் இரண்டும் இவ்வாறு ஏறத்தாழ ஒன்றாக அமைவது சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். எந்த நாட்காட்டியில் பார்த்தாலும் அது ஒரே ஆண்டு.

எங்கள் வீட்டுக் கணக்கில் அவ்வாண்டு இவ்வளவும் நடந்தது. மார்ச் முதல் வாரத்தில் வாப்பா மௌத்தானார். உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். இத்தா முடிந்தபின் ஜூலைக் கடைசியில் மூத்த மகளின் நிக்காஹ் நடந்தது. கிழக்கிலே மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதே வழக்கம். ஆகவே பெண்ணைப் பெற்றவன் முதலில் வீட்டைக் கட்டியாக வேண்டும். நான் 2003இல் போட்ட அத்திவாரத்தின்மேல் எழுந்த சுவரைச் சுனாமி கொண்டுபோயிற்று. 2007இல் மறுபடி தொடங்கிய வேலை 2009இல்தான் கூரை கண்டது. ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். சவூதி அரேபியாவின் உதவியுடன் கட்டப்பட்டது. அதுவரை துறையில் நின்று பாதைக்காகக் காத்திருந்து, மனிதரும் வாகனமும் ஒரே மிதவையில் அக்கரை போன ஊர் எங்களது. இராவில் பிள்ளைப்பேற்று நோவு கண்ட பெண்ணைத் திருமலைக்குக் கொண்டுபோவதென்றால் என்னவென்று கிண்ணியாவில் கேட்டால் சொல்வார்கள். நவம்பரில் தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவளைப் பாலத்தின் வழியாகவே கொண்டுசென்றோம். டிசம்பரில் மகன் கத்தாருக்குப் போனான்.

ஒரு மௌத்து, ஒரு நிக்காஹ், ஒரு பிறப்பு, ஒரு பயணம், ஒரு பாலம். வாப்பா எண்பதைத் தாண்டி வாழ்ந்து, பிள்ளைகள் சூழக் கலிமாச் சொல்லிக் கண்மூடியவர். கூட்டிக் கழித்துப் பார்த்தால், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல வருஷம்" என்று எழுதத்தக்க ஆண்டுதான்.

இனி அதே ஆண்டின் துறைமுகத்தைப் பார்ப்போம். 2009 பெப்ரவரி 10ஆம் திகதி புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தோரை ஏற்றிய முதலாவது கப்பல் திருகோணமலைக்கு வந்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்த அந்த முதற் பயணத்தில் 240 பேர் இருந்தனர். மார்ச் மாதத்தில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று வைத்தியசாலை அமைத்தபின் கப்பல்கள் அங்கு செல்லலாயின. மே மாதத்தில் இப்பயணங்கள் நின்றபோது, காயக்காரரும் நோயாளரும் அவர்களுக்குத் துணையாக வந்தோருமாக 13,000க்கும் மேற்பட்டோர் கடல்வழியாகக் கொண்டுவரப்பட்டிருந்தனர். புல்மோட்டை நமது மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள முஸ்லிம் ஊர். ஆகவே இது எங்கோ தொலைவில் நடந்த செய்தியாக இருக்கவில்லை.

பெப்ரவரியில் வாப்பா திருமலையில் வைத்தியசாலையில் இருந்தார். அந்த வார்ட்டில் கப்பலில் வந்தவர்களும் இருந்தனர். வாசலில் காவல் நின்றது. பேசுவதற்கு எல்லோருக்கும் தயக்கம். எதிர்க் கட்டிலில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தாய் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். காயக்காரரோடு துணைக்கு ஒருவர்தான் ஏறலாம் என்றார்களாம். கணவனும் மற்றப் பிள்ளையும் கரையில் நின்றுவிட்டார்கள். உம்மா பிளாஸ்கிலிருந்த பிளேன்ரீயை அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். வாப்பாவுக்குக் கொண்டுபோன இடியப்பத்தில் பாதி அந்தக் கட்டிலுக்குப் போனது. நாலைந்து நாளின் பின் ஒரு காலையில் அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது. வவுனியாவுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள்.

மே 18, 19ஆம் திகதிகளில் யுத்தம் முடிந்தது. தெருவெங்கும் வெடி. நமது ஊர்களிலும் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கி, அங்கும் ஷெல் விழவே, கைக்குழந்தைகளோடு கந்தளாயை நோக்கி நடந்தனர். இவ்வளவையும் கண்ட ஒரு சமூகம் துப்பாக்கிகள் ஓய்ந்ததைக் கண்டு மகிழ்ந்தது குற்றமாகாது.

ஆனால் அந்த நாட்களில் வன்னியிலிருந்து வெளியேறி முட்கம்பிக்குள் அடைபட்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். நாங்கள் நிக்காஹ் அழைப்பிதழ் கொடுத்துத் திரிந்த ஜூலையிலும் அவர்கள் அங்கேதான் இருந்தனர். எதிர்க் கட்டிலில் இருந்த தாயும் பிள்ளையும் அவர்களுள் அடக்கம் என்றே நினைக்கிறேன்.

இத்தகைய ஓர் ஆண்டை நினைக்கையில் மனிதர் பொதுவாக மூன்று நிலைப்பாடுகளை எடுப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, மகிழ்ந்ததே தவறு என்னும் நிலைப்பாடு. துறைமுகத்தில் காயக்காரர் இறங்கிய ஆண்டில் புரியாணி ஆக்கி விருந்து வைத்தது இதயமற்ற செயல் என்பர். கேட்பதற்கு உயர்ந்த வார்த்தையாகத் தோன்றும். ஆயினும் சற்று யோசித்தால் இது நிற்காது. உலகில் எங்கேனும் ஒரு துறையில் காயக்காரர் இறங்காத ஆண்டு எது? எல்லாத் துயரும் தீர்ந்தபின்பே கலியாணம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் பெயர் வைக்க நாள் கிடைக்காது. முகாமுக்குள் இருந்தவர்களே அங்கு பிள்ளை பெற்றார்கள், தாலி கட்டினார்கள். துயருக்கு ஆளானவர்களே வாழ்வை நிறுத்தி வைக்கவில்லை. அவர்கள் பெயரால் நாம் நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

இரண்டாவது நிலைப்பாடு மிகப் பரவலானது, பக்தியின் உடையும் தரித்தது. "அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லையே, அல்லாஹ்வுக்கு நன்றி." இதிலுள்ள நன்றியை நான் குறைகூறவில்லை. அது எதை வைத்து அளக்கப்படுகிறது என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். தராசின் ஒரு தட்டில் நம் மகளின் கலியாணம், மறுதட்டில் படிக்கல்லாக அடுத்தவள் பிள்ளையின் துண்டான கால். அந்தக் கல்லை எடுத்துவிட்டால் நம் மகிழ்ச்சியின் நிறை குறைந்துவிடுமா? குறையுமானால் அது ஷுக்ர் ஆகாது, தப்பித்தவனின் ஆறுதல் மட்டுமே. நாடு முழுவதும் நலமாக இருந்த ஓர் ஆண்டிலும் மகளின் நிக்காஹ் அதே அளவு மகிழ்ச்சிக்குரியது. அருட்கொடை தன்னளவில் அருட்கொடை. அதைப் பெரிதாகக் காட்ட எவரது இழப்பும் தேவையில்லை.

மூன்றாவது நிலைப்பாடு பழங்கணக்கைத் திறப்பது. "எங்களை அடித்துத் துரத்தினபோது யார் கேட்டார்கள்? இது அவர்கள் முறை." 2009இல் இதைச் சத்தமாகச் சொன்னவர்கள் குறைவு. மனத்துள் சொல்லிக்கொண்டவர்கள் அவ்வளவு குறைவல்லர். ஓர் ஆயுத இயக்கத்தின் மீதுள்ள கணக்கை ஓர் இனத்தின் பெயரில் எழுதி, அதன் பிள்ளைகளிடம் அறவிடுவதே இந்நிலைப்பாட்டின் பிழை. கணக்கை இனவாரியாக எழுதப் புகுந்தால் அது எழுதவும் வராது. 2006 ஆகஸ்டில், மூதூர் மக்கள் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மூதூரிலிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அந்தப் பதினேழை எந்தச் சமூகத்தின் பக்கத்தில் பதிவது? மூதூர் முஸ்லிம்கள் அதிக காலம் தாழ்த்தாமல் வீடு திரும்பினர். அடுத்துள்ள சம்பூரின் தமிழர்கள் அதே 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களில் தகரக் கொட்டில்களில் காலம் கழித்து, 2015இலிருந்துதான் சொந்தக் காணிக்கு மீளத் தொடங்கினர். ஒன்பது ஆண்டு. ஒருவருக்கு வீடு திரும்பிய ஆண்டு, மற்றவருக்கு முகாமில் இன்னோர் ஆண்டு. நடுவே சில மைல் தூரம்.

இம்மூன்றும் பொருந்தாவிட்டால் எஞ்சுவது என்ன? இதற்கு எனக்கு வழிகாட்டியது ஒரு நூலன்று, உம்மாவின் ஒரு வார்த்தை.

இத்தாவில் இருந்த உம்மா மே மாதத்து வெடிச் சத்தத்தை அறைக்குள்ளிருந்து கேட்டார். காரணத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் புள்ளட புருஷன் வந்திருப்பானா மகன்?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று விளங்கியது. தெரியாது என்றேன். "நான் நாள் எண்ணிக்கொண்டு இரிக்கன். அவளுக்கு எண்ணத் தொடங்கிறத்துக்கு ஒரு நாளும் இல்லியே" என்றார்.

இத்தா பற்றி நாம் பலவாறு பேசியும் எழுதியும் வருகிறோம். அதன் ஓர் அம்சத்தை நான் அன்றுதான் கவனித்தேன். துக்கத்துக்கு அது ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கொடுக்கிறது. மௌத்தான நாளிலிருந்து எண்ணவேண்டும், எண்ணி முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே வரவேண்டும். ஆனால் எண்ணுவதற்கு மௌத்தான நாள் தெரிந்திருக்க வேண்டும். காணாமற்போன கணவனின் மனைவி என்ன செய்வாள் என்பது நமது சட்ட அறிஞர்களுக்கும் எளிதாக இருந்த வினாவன்று. அவனை மஃப்கூத் என்றார்கள். நான்கு ஆண்டு பார்த்திருந்து, அதன்பின் இத்தாவும் இருக்கவேண்டும் என்பது மாலிக்கி மத்ஹபின் வழி. மரணமோ மணவிலக்கோ உறுதியாகும்வரை அவள் மனைவியே என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள் என்பதே இத்துயரின் தன்மையைக் காட்டும். நாட்டின் சட்டமும் இங்கு தடுமாறியே நடந்திருக்கிறது. 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாதவர்களுக்காக, ஆள் இல்லை என்பதை மட்டும் கூறும் ஒரு சான்றிதழும் அதே ஆண்டில் கொண்டுவரப்பட்டது. இல்லை என்பதற்குத் தாள் உண்டு, என்றிலிருந்து இல்லை என்பதற்கு விடை இல்லை.

ஆண்டைக் கணக்குப் பார்ப்பதும் இவ்வாறே என்று எண்ணுகிறேன். வரவையும் இழப்பையும் எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்து மூடுவதற்கு, இழப்புக்கு ஒரு திகதி வேண்டும். வாப்பாவின் இழப்புக்குத் திகதி உண்டு. கபுறடி உண்டு. ஆண்டுக் கத்தம் உண்டு. அதனால் நாங்கள் கோடு இழுத்துவிட்டு நிக்காஹ்வுக்குப் பந்தல் போட முடிந்தது. நமது ஆண்டு நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால், அதை முடித்துவைக்க நமக்கு இயன்றதே ஒரு பெரும் பாக்கியம். முஹாஸபா என்று நாம் போற்றும் சுயவிசாரணையில் இந்தப் பாக்கியத்தை யாரும் எழுதுவதில்லை. இதை எழுதினால் அதோடு ஒரு கடமையும் வந்து சேரும். முடித்துவைக்க முடியாதவர்களின் கணக்கை அவர்களுக்காக நாம் மூடிவிடாதிருப்பதே அக்கடமை.

நாம் அடிக்கடி அதைத்தான் செய்கிறோம். "பழையதை மறந்துவிட்டு வாழ்க்கையைப் பாருங்கள்" என்று புத்தி சொல்வது அடுத்தவர் கணக்கில் நாம் கோடு இழுப்பதாகும். "2009இல் நாட்டுக்கு விடிவு வந்தது" என்று எல்லோர் சார்பிலும் சொல்வதும் அதுவே. எங்களுக்கு விடிவு வந்தது என்று சொல்லலாம், அது உண்மை. நாட்டுக்கு என்று சொல்லும் உரிமையை யாரும் நமக்குத் தரவில்லை.

இதன் பொருள் நமக்குப் பின்னாளில் இன்னும் தெளிவாகியது. 2020இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றோடு மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் நம் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. குளிப்பாட்டாமல், கபனிடாமல், கபுறடியில் நின்று துஆக் கேட்க ஓர் இடமும் இல்லாமல் தவித்த குடும்பங்கள் துக்கத்தை முடிக்க முடியாமை என்றால் என்னவென்று அறிந்தன. அவ்வாண்டு பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை தமிழர்கள் நடத்திய பேரணி திருகோணமலை வழியாகவும் சென்றது. காணாமலாக்கப்பட்டோருக்கு நீதி கேட்ட அப்பேரணி, முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்கவேண்டாம் என்றும் கேட்டது. முஸ்லிம்களும் அதில் நடந்தனர். தமது கணக்கு திறந்திருக்கையிலேயே நமது ஜனாஸாவுக்காகவும் குரல் கொடுத்தவர்களிடம், பழையதை மறவுங்கள் என்று சொல்ல நமக்கு நாவெழுமா?

2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய உறவினர் போராட்டம் திருகோணமலைக்கும் வந்தது. வீதியோரத்தில் படங்களோடு பெண்கள் இருந்தனர். அவ்வாண்டு இளைய மகளின் கலியாணச் சேலை எடுக்கப் பாலத்தால் திருமலைக்குப் போன ஒரு நாளில் அவள் கேட்டாள், இவர்கள் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று. இந்தக் கொட்டில் போட்டுச் சில மாதம், காத்திருப்பது உன் ராத்தாவின் கலியாணத்துக்கும் முந்தி என்றேன். ஒரு குடும்பத்தில் இரண்டு நிக்காஹ்வுக்கு இடைப்பட்ட எட்டு ஆண்டும் அந்தப் பெண்களுக்கு ஒரே ஆண்டாகவே இருந்திருக்கிறது. பதிலைப் பெறாமலே மரணித்துவிட்ட பெற்றோரும் அவர்களுள் பலர்.

ஊர்க் கடைக்காரர் ஆண்டு முடிவில் கொப்பியை மாற்றும்போது தீராத கணக்குகளைக் கிழித்தெறிவதில்லை. புதிய கொப்பியின் முதற் பக்கத்தில் பெயரோடு எழுதிக்கொண்ட பின்பே புதுக் கணக்கைத் தொடங்குகிறார். நமது ஆண்டுக் கணக்கையும் அவ்வாறு எழுதலாம். மகளின் நிக்காஹ்வையும் மருமகனின் பிறப்பையும் பாலம் திறந்ததையும் திகதியோடு, நன்றியோடு எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் முதற் பக்கத்தில், சென்ற ஆண்டிலும் தீராதவற்றை எழுதிக்கொள்ளவேண்டும். எதிர்க் கட்டிலின் பெண்ணின் பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அன்று அந்த வார்ட்டில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கக்கூடிய நிலை இருக்கவில்லை. உம்மா மட்டும் தன் கடைசிக் காலம்வரை ஒவ்வொரு முஹர்ரமிலும் துஆவில், "பெயர் தெரியாத அந்தப் புள்ளைக்கும்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் அதைப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.